அவரா வந்து கேக்கணும்னு எவ்வளவு நாள் காத்திருக்கறது?

போன வாரம் வந்த லெட்டர் இது. பேர், ஊர் எல்லாம் எடுத்துட்டு சுருக்கமா போடறேன்:

"வணக்கம் மேடம். எனக்கு 41 வயசு. 1996ல 7ஆம் கிளாஸ் படிக்கறப்போ கணக்கு சார் அறைஞ்சதுல இடது காதுல ரத்தம் வந்துச்சு. வீட்ல சொன்னா இன்னும் ரெண்டு விழும்னு சொல்லல. சீழ் வெச்சுது, எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்க, கடைசில அந்தக் காது சுத்தமா போச்சு. 2005ல போலீஸ் செலக்‌ஷன்ல ஓட்டம், கயிறு எல்லாம் பாஸ் பண்ணிட்டேன், மெடிக்கல்ல வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன், பொழப்புக்கு குறை ஒண்ணும் இல்ல. அந்த சார் ரிட்டயர் ஆகி இதே ஊர்லதான் இருக்கார், 74 வயசு இருக்கும். தினமும் காலைல டீக்கடைல பாப்போம். எப்பவும் என் வலது பக்கமா வந்து உக்காருவார், கடை எப்படிப் போகுது, பசங்க எப்படிப் படிக்கறாங்கன்னு கேப்பார். அந்த விஷயத்தை மட்டும் ஒரு நாள் கூட எடுத்ததில்ல. தப்பு பண்ணினவங்களுக்கு தானா உறுத்தாதா மேடம்? யாரும் சொல்லாம அவரா வந்து மன்னிப்பு கேப்பாரா? என் வீட்டுக்காரி நேரா கேட்டுடுங்கங்கறா. கேட்டு வாங்கினா அது மன்னிப்பா? எனக்கு அவரா வரணும்."

தம்பி, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கோவம்தான் வந்துச்சு, 12 வயசுப் பையன் காதுல ரத்தத்தோட வீட்டுக்குப் போயி அதை வெளிய சொல்லவும் பயந்துக்கிட்டு ராத்திரி பூரா படுத்திருந்திருக்கான்ங்கறதே மனசை என்னமோ பண்ணிடுச்சு. மூணாவது தடவை படிக்கறப்போதான் நீங்க போற போக்குல எழுதின ஒரு வார்த்தை கண்ணுல பட்டுச்சு. அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல நீங்க கேட்டதுக்கு நேரா பதில் சொல்லிடறேன்.

உறுத்துமான்னா, பெரும்பாலானவங்களுக்கு உறுத்தும். அவங்களா வந்து கேப்பாங்களான்னா, பெரும்பாலும் மாட்டாங்க. இது ரெண்டும் ஒண்ணுன்னு நாம நினைச்சுக்கறோம். வரலைன்னா அப்ப உறுத்தவே இல்லன்னு முடிவு கட்டிடறோம், உங்களை இத்தனை வருஷமா அரிச்சுக்கிட்டு இருக்கறது அந்தக் கணக்குதான்னு நினைக்கறேன்.

22 வருஷமா கவுன்சிலிங் பண்றேன். "நான் ஒருத்தருக்கு துரோகம் பண்ணிட்டேன், அதை சரி பண்ணணும்"னு சொல்லிக்கிட்டே உள்ள வந்தவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். தூக்கம் வரலைன்னு வருவாங்க, நெஞ்சு படபடங்குதுன்னு வருவாங்க, எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு டாக்டர் சொல்லிட்டார்னு ஃபைலைத் தூக்கிட்டு வருவாங்க. ஒரு பெரியவர், அடையாளத்தை மாத்தித்தான் சொல்றேன், ஏழு சிட்டிங் மகனோட குடியைப் பத்தியே பேசினார். எட்டாவது தடவை எல்லாம் முடிஞ்சு செருப்பை மாட்டிக்கிட்டு, கதவுப் பிடில கையை வெச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பாக்காம, "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா மேடம், பேச்சுவார்த்தை இல்ல"ன்னார். 30 வருஷம் முன்னாடி அந்தத் தங்கச்சிக்கு அவர் பண்ணின காரியம்தான் அத்தனை நாளும் அந்த ரூம்ல எங்களோட உக்காந்திருந்திருக்கு. திரும்பி வந்து உக்காருங்க ஐயான்னேன். செருப்பைக் கழட்டவே ரெண்டு நிமிஷம் ஆச்சு அவருக்கு.

ஏன் இப்படி? எங்க துறைல ஜூன் டாங்னின்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணி பிரிச்சுக் காட்டின விஷயம் ஒண்ணு இருக்கு. "நான் பண்ணினது தப்பு"ன்னு தோணறது குற்ற உணர்ச்சி. "நானே தப்பானவன்"னு தோணறது அவமானம், கூச்சம். பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் ஆளை எதிரெதிர் பக்கம் இழுக்கும். முதல் வகை ஆளை போய் சரி பண்ணுன்னு தள்ளும், ரெண்டாவது வகை ஒளிஞ்சுக்கோன்னு இழுக்கும், சில பேரை எதிராளி மேலயே எரிஞ்சு விழவும் வைக்கும். உங்க சாரை யோசிச்சுப் பாருங்க. ஊர்ல அவருக்கு இருக்கறது 'சார்'ங்கற அந்த ஒரு வார்த்தைதான். டீக்கடைல எழுந்து இடம் விடறது, கல்யாணப் பத்திரிகைல பேர் போடறது எல்லாம் அதுக்குத்தான். "என் அடில ஒரு பையனோட காது போச்சு"ன்னு வாயைத் திறந்து சொன்னா அந்த வார்த்தையே கையை விட்டுப் போயிடுமோன்னு ஒரு 74 வயசு மனுஷன் பயப்படறதுல ஆச்சரியம் இல்ல. பயப்படறது நியாயம்னு சொல்லல, அந்த பயம் எவ்வளவு பெரிசுன்னு சொல்றேன்.

இதோட இன்னொண்ணும் இருக்கு. அந்தக் காலத்துல அவர் கைக்கு ஊரே அனுமதி குடுத்திருந்துச்சு. "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்"னு சொல்லித்தான பெத்தவங்க பள்ளிக்கூடத்துல விட்டுட்டுப் போவாங்க, உங்க அப்பாவும் சொல்லியிருப்பார். எல்லாரும் சேர்ந்து பண்ணின தப்புல தனியா ஒருத்தனுக்கு தன் பங்கு இவ்வளவுன்னு தெரியறது ரொம்பக் கஷ்டம். குழந்தைகளை அடிக்கக்கூடாதுன்னு நாடு பூராவுக்குமான கல்வி உரிமைச் சட்டத்துலயே, அதோட 17ஆம் பிரிவுல எழுதி வெச்சது 2009ல. 2010 ஏப்ரல் 1 முதல்தான் அமலுக்கு வந்துச்சு. நீங்க அடி வாங்கி 14 வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் "எல்லா வாத்தியாரும் அடிச்சாங்க"ங்கற போர்வை அவருக்கு கதகதப்பாத்தான் இருந்திருக்கும்.

அப்புறம் ஞாபகம். ராய் பாமைஸ்டர்னு இன்னொரு ஆராய்ச்சியாளர், 1990ல அவரும் கூட இருந்தவங்களும் சேர்ந்து ஒண்ணு செஞ்சாங்க. ஒரே ஆளுங்ககிட்ட ரெண்டு கதை எழுதச் சொன்னாங்க, உன்னை ஒருத்தர் கோவப்படுத்தின கதை ஒண்ணு, நீ ஒருத்தரைக் கோவப்படுத்தின கதை ஒண்ணு. தான் பண்ணின கதையை எழுதறப்போ அது அன்னைக்கே முடிஞ்சுபோன சமாச்சாரம், அதுக்கு ஒரு காரணமும் இருக்கும். தனக்கு நடந்த கதையை எழுதறப்போ அது இன்னைக்கு வரைக்கும் நீண்டுக்கிட்டே வரும். அதே ஆளு, ரெண்டு கதைலயும்! உங்க சாருக்கு அது ஒரு மத்தியானம், ஒரு பீரியட், ஒரு அறை. உங்களுக்கு ஒவ்வொரு ஃபோன் வர்றப்பவும் வலது காதுக்குக் கொண்டு போற கை. இந்த அளவு வித்தியாசம் அவருக்குத் தெரியவே தெரியாம இருக்க சான்ஸ் இருக்கு தம்பி, போலீஸ் செலக்‌ஷன் கதையை அவர்கிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா?

அப்ப யாருமே தானா வரமாட்டாங்களான்னா, வர்றாங்க. காந்தி 15 வயசுல அண்ணனோட தங்கக் காப்புலேர்ந்து கொஞ்சம் வெட்டி எடுத்து ஒரு கடனை அடைச்சார், அண்ணன் பட்ட கடன்தான், 25 ரூபா. யாரும் கண்டுபிடிக்கல, யாரும் கேக்கல. அவரா ஒரு சீட்டுல எழுதி, எனக்கு தண்டனை குடுங்கன்னு கேட்டு, பலகைல நோயாப் படுத்திருந்த அப்பா கைல நடுங்கிக்கிட்டே குடுத்தார். அப்பா படிச்சார், கண்ணீர் வழிஞ்சு காகிதத்துல விழுந்துச்சு, கிழிச்சுப் போட்டுட்டு படுத்துக்கிட்டார். பள்ளிக்கூடத்துல நீதிக்கதையா நமக்குச் சொன்னது இது. ஆனா எனக்கு அதுல முக்கியமாப் படற வரி வேற. வாயால சொல்ல ஏன் தைரியம் வரலைங்கறப்போ, அப்பா அடிப்பார்னு பயம் இல்ல, அவர் யாரையும் அடிச்சதா ஞாபகமே இல்ல, அவர் மனசு நோகுமேன்னுதான் பயம்னு காந்தியே எழுதியிருக்கார். தானா வந்து ஒத்துக்கறதுக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு ஆள் இருக்கணும். அடியை மட்டுமே பாத்த பள்ளிக்கூடத்துல, அடிச்ச உங்க சாரும்தான், ஒத்துக்கிட்டா என்ன நடக்கும்னு நல்லபடியா ஒரு அனுபவம்கூட இல்லாமத்தான் வளர்ந்திருப்பார்.

பாதி வழி வர்றவங்கதான் நிறைய. 2024 பிப்ரவரில உசிலம்பட்டில இயக்குநர் மணிகண்டன் வீட்டுல திருட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? பணம், நகையோட அவர் வாங்கின தேசிய விருதுப் பதக்கங்களையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. சில நாள்ல பதக்கத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைல போட்டு வீட்டு கேட்டுல மாட்டிட்டுப் போனாங்க, மன்னிச்சிடுங்க, "உங்கள் உழைப்பு உங்களுக்கு"ன்னு ஒரு சீட்டு வேற. பணமும் நகையும் அந்தப் பைல இல்ல. எல்லாரும் அதைப் படிச்சிட்டு சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. ராத்திரி நேரம் திருடின வீட்டுக்கே திரும்ப வந்து, கேட்டுல பையை மாட்டறதுக்கு ஒரு உறுத்தல் வேணும். அதே உறுத்தலுக்கு காலிங் பெல் அடிக்கற தெம்பு இல்ல. மூஞ்சியைக் காட்டாம எதைத் திருப்பிக் குடுக்க முடியுமோ அதை மட்டும் குடுத்துட்டுப் போறது. நான் பாக்கற குற்ற உணர்ச்சில முக்காவாசி இப்படி கேட்டுல மாட்டிட்டுப் போற வகைதான்.

இப்ப அந்த வார்த்தைக்கு வரேன். "எப்பவும் என் வலது பக்கமா வந்து உக்காருவார்"னு எழுதியிருக்கீங்க.

எப்பவும்னா, தினமுமா? பெஞ்சுல இடது பக்கம் காலியா இருந்தாக்கூடவா? டீக்கடைல மத்தவங்க அப்படி உக்காருறாங்களா? உங்களுக்கு எந்தக் காது கேக்காதுன்னு அவர்கிட்ட நீங்க சொன்னதில்லன்னுதான் உங்க லெட்டரை வெச்சு எனக்குத் தெரியுது, அந்த விஷயமே உங்களுக்குள்ள பேச்சுல வந்ததில்லையே. நீங்க தலையைத் திருப்பறதைப் பாத்து தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம், ஊர்ல யாராவது சொல்லியிருக்கலாம், வெறும் பழக்கமாவும் இருக்கலாம். லெட்டரை மட்டும் படிச்சிட்டு ஒரு மனுஷனோட மனசுக்குள்ள இருக்கறதை அடிச்சுச் சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா நல்ல காது எந்தப் பக்கம்னு தெரிஞ்ச மனுஷனுக்கு கெட்டுப்போன காது எந்தப் பக்கம்னும் தெரியும். பசங்க படிப்பை விசாரிக்கறதும் அந்தப் பைல இருக்கற பதக்கமா இருக்கலாம். நாளைக்குக் காலைல போறப்போ கொஞ்சம் கவனிங்க, அவ்வளவுதான் கேக்கறேன்.

அடுத்தது உங்க நிஜமான கேள்வி, கேட்டு வாங்கினா அது மன்னிப்பா?

தென்னாப்பிரிக்கால நடந்த ஒண்ணு சொல்றேன், இதை நான் அடிக்கடி நினைச்சுப்பேன். ஏட்ரியன் ஃப்ளாக்னு ஒருத்தர், நிறவெறி ஆட்சில 1986லேர்ந்து 91 வரைக்கும் போலீஸ் மந்திரி. ஃபிராங்க் சிக்கானேன்னு ஒரு பாதிரியார், அந்த ஆட்சியை எதிர்த்துப் போராடினவர், 1989ல அவரோட துணிமணில விஷம் தடவி கொல்லப் பாத்தாங்க, எப்படியோ பொழைச்சுக்கிட்டார். ஆட்சி மாறினதும் டெஸ்மண்ட் டூட்டு தலைமைல உண்மை கண்டறியற கமிஷன் போட்டாங்க, முழுசா ஒத்துக்கிட்டா தண்டனை இல்லன்னாங்க. ஃப்ளாக் போயி சில குண்டுவெடிப்புகளை ஒத்துக்கிட்டு பொது மன்னிப்பும் வாங்கினார். இந்த விஷத்தை மட்டும் சொல்லல. பல வருஷம் கழிச்சு 2006ல, யாரும் கூப்பிடாம, சிக்கானே ஆபீசுக்குப் போறார், அப்ப சிக்கானே ஜனாதிபதி அலுவலகத்துல பெரிய அதிகாரி. பைலேர்ந்து ஒரு கிண்ணத்தை எடுத்து தண்ணி ஊத்தி, உங்க காலைக் கழுவ விடுங்கன்னு கேட்டு, கழுவினார். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா அடுத்த வருஷமே அதே விஷத்துக்காக கோர்ட்ல கேஸு, அங்க குற்றத்தை ஒத்துக்கிட்டார், 10 வருஷ தண்டனையை நிறுத்தி வெச்சாங்க. அப்ப அந்தக் கிண்ணம் மனசாட்சியா, வரப்போற கேஸோட பயமா? யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, அவருக்கே முடிஞ்சிருக்குமான்னு தெரியல. அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஏழைங்க இருக்கற இடத்துக்கு சாப்பாடு கொண்டு போய்க் குடுத்துக்கிட்டு இருந்தார், 2023ல செத்துப்போனார். நான் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எடைல வெப்பேன்.

நம்ம பாண்டியனை எடுத்துக்கோங்களேன். கண்ணகி ஒத்தைச் சிலம்போட வந்து நிக்கலைன்னா அந்த ராஜா அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பான். தான் தப்பு பண்ணினதே அவனுக்குத் தெரியாது. வந்தா, கேட்டா, சிலம்பை உடைச்சா, முத்துக்குப் பதிலா மாணிக்கம் தெறிச்சுது, "யானே கள்வன்"னு சொல்லி அங்கேயே விழுந்தான். அவ வந்து கேட்டதாலதான ஒத்துக்கிட்டான், அது போலின்னு நம்ம ஊர்ல இத்தனை நூறு வருஷத்துல யாராவது சொல்லியிருக்காங்களா? சிலம்பைக் களவாண்ட பொற்கொல்லன் உண்மை தெரிஞ்சே வாயைத் திறக்கல, அவனைத் தட்டியிருந்தாலும் திறந்திருக்க மாட்டான். தட்டறது வெளியிலேர்ந்துதான் வரும். திறக்கறதுதான் உள்ளேர்ந்து. அவரா வரணும்னு நீங்க காத்திருக்கறது அவரோட மனசைச் சோதிக்கறதா உங்களுக்குத் தோணுது, எனக்கு என்ன தோணுதுன்னா, அவர் ஃபெயில் ஆகறதுக்காகவே வெச்ச பரீட்சை மாதிரி இருக்கு, கேள்வித்தாளைக் குடுக்காமலே 29 வருஷமா விடைத்தாளைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. கடுமையாச் சொல்லிட்டேன்னா மன்னிச்சிடுங்க, உங்க மேல எந்தத் தப்பும் இல்ல, அடி வாங்கினவன்தான் பேச்சையும் ஆரம்பிக்கணும்ங்கறது அநியாயம்தான். அநியாயம்னு தெரிஞ்சேதான் சொல்றேன். ஏன்னா அவருக்கு 74 வயசு. இன்னும் அஞ்சு வருஷத்துல அவருக்கு ஞாபகம் எப்படி இருக்கும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போகணும்னு கட்டாயம் இல்ல. எனக்கு இது வேணாம், நான் பாட்டுக்கு இருந்துக்கறேன்னு நீங்க முடிவு பண்ணினா அதுவும் சரிதான், டீக்கடைல இடம் மாத்திக்கற உரிமையும் உங்களுக்கு இருக்கு. போறதா இருந்தா, டீக்கடைல வேணாம். நாலு பேர் முன்னாடி கேட்டா அந்த 'சார்'தான் பதில் சொல்லுவார், உள்ள இருக்கற மனுஷன் சொல்ல மாட்டார். வீட்டுக்குப் போங்க, திண்ணையோ வராந்தாவோ, தனியா. உங்க வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போக வேணாம், பஞ்சாயத்து மாதிரி ஆயிடும். நிறைய பேச வேணாம். "சார், 7ஆம் கிளாஸ்ல நீங்க அறைஞ்சதுல எனக்கு இந்தக் காது போச்சு. அதனால போலீஸ் வேலையும் போச்சு. இது உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்." இவ்வளவுதான். மன்னிப்பு கேளுங்கன்னு சொல்லாதீங்க, எனக்கு மன்னிப்பு வேணாம்னும் சொல்லாதீங்க. சொல்லிட்டு சும்மா இருங்க. அந்த சும்மா இருக்கறதுதான் கஷ்டம், கை நடுங்கும், எதையாவது பேசி அவரைக் காப்பாத்திடலாம்னு தோணும், பழக்கதோஷம், பேசாதீங்க.

அவர் முதல்ல மறுக்கலாம். "நானா? அப்படி அடிச்சேனா?"ன்னு கேக்கலாம். "உங்க நல்லதுக்குத்தானப்பா"ன்னு சொல்லலாம், இந்த வார்த்தை வந்தா வலிக்கும், தயாரா போங்க. அன்னைக்கு அவர் வாய்லேர்ந்து வர்றதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. முதல் நாள் மறுத்துட்டு மூணு வாரம் கழிச்சு வந்து உடைஞ்சு அழுதவங்களை நான் பாத்திருக்கேன், முதல் நாளே காலைப் பிடிச்சு அழுதுட்டு அடுத்த மாசம் எதுவுமே நடக்காத மாதிரி திரிஞ்சவங்களையும் பாத்திருக்கேன். நீங்க தட்டறதோட உங்க வேலை முடிஞ்சுது, அதுக்கப்புறம் அவர் யாரும் சொல்லாம என்ன பண்றார்ங்கறதுதான் நீங்க இத்தனை நாள் தேடின பதில். கடைசி வரைக்கும் மறுத்தார்னா, அப்பவும் நீங்க வெறுங்கையோட திரும்பப் போறதில்ல. 12 வயசுல வீட்டுலகூட சொல்ல முடியாததை, 41 வயசுல செஞ்சவர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருப்பீங்க.

இன்னொண்ணு, இது என் துறை இல்ல ஆனாலும் விட மனசு வரல. காது சுத்தமா போச்சுன்னு யார் சொன்னது, எப்ப? அறையில செவிப்பறை கிழியறது நிறைய நடக்கறதுதான், தண்ணி, எண்ணெய் போகாமப் பாத்துக்கிட்டா பெரும்பாலும் சில வாரத்துலயோ ரெண்டு மூணு மாசத்துலயோ தானாவே மூடிக்கும். உங்களுக்கு சீழ் பிடிச்ச காதுல எண்ணெயும் ஊத்தினதுதான் வெனையா முடிஞ்சிருக்கு. இன்னும் அப்பப்போ ஒழுகுதுன்னா அதை அப்படியே விடக்கூடாது, சீழ் உள்ள எலும்பு வரைக்கும் போகலாம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில ஈஎன்டி போயி காது எவ்வளவு கேக்குதுன்னு காட்டற ஆடியோகிராம் டெஸ்ட் ஒண்ணு எடுத்துப் பாருங்க. கிழிசல்தான் காரணம்னா ஆபரேஷன் இருக்கு, நரம்பு வரைக்கும் பாதிப்புன்னா அதுக்கும் மெஷின் வகைல இப்ப வழி இருக்கு. சார்கிட்ட போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணிடுங்க, அந்த ரிப்போர்ட்டைப் பாத்தப்புறம் நீங்க சொல்ல வேண்டிய வார்த்தையே மாறலாம்.

போற அன்னைக்கு நீங்க முதல்ல உக்காந்துக்கோங்க, அவர் எங்க வேணா உக்காரட்டும், விட்டுடுங்க. எப்பவும் போல வலது பக்கமா வந்து உக்காந்தார்னா நல்லதுதான், அவர் என்ன சொன்னாலும், எவ்வளவு சன்னமா சொன்னாலும், உங்களுக்குக் கேக்கும்.